வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டாமா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசுவது வழக்கம். விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வேதாரண்யத்திலிருந்து வரும் மீனவ நண்பர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். உலகத்தில் எங்காவது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையை அனுப்பினால், "அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதா?" என்று உடனே ஒரு விவாதம் எழுகிறது. அது எங்கள் கூட்டத்துக்கும் வந்தது. வந்த வேகத்தில், 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போன கதைக்குப் போய்விட்டது. கோடியக்கரையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை அறுபது கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. எங்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு, அதையும் மறைக்கவில்லை.

இந்தியப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி சட்டப்படி தேவையா?

தேவையில்லை. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் நிலைமை இதுதான்.

அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. 74-ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஆகவே முடிவு பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கிறது. நடைமுறையில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு என்ற சிறு வட்டம் முடிவெடுக்கிறது. நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொல்வார்கள், விவாதம் நடக்கலாம். ஆனால் "அனுப்பலாமா?" என்று கேட்டு வாக்கெடுக்கும் கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை.

அப்படியானால் நாடாளுமன்றத்துக்கு இதில் அதிகாரமே கிடையாதா?

இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தவில்லை. ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலைப் பாருங்கள். 15-ஆவது இனம் "போரும் அமைதியும்". அதைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 53-ஆவது பிரிவே, படைத் தலைமையைச் செலுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்று சொல்கிறது. ஆக, "வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் இன்ன முறையில் அவையின் ஒப்புதல் பெற வேண்டும்" என்று நாளைக்கே ஒரு சட்டம் கொண்டுவரலாம். இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு சட்டம் வரவில்லை.

பணத்தைப் பிடித்து நிறுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பாதுகாப்புத் துறைக்கான மானியக் கோரிக்கைக்கு மக்களவை வாக்களித்தால்தான் பணம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமே இல்லாமல், கடைசி நாளில் மற்ற துறைகளோடு மொத்தமாகச் சேர்த்து நிறைவேற்றப்படுகிறது. அந்தக் கதவு பெயருக்குத்தான் இருக்கிறது.

1987-இல் அமைதிப்படை போனபோது என்ன நடந்தது?

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது இந்தக் கேள்விதான். வரிசையாகச் சொல்கிறேன்.

1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்ய, தேவைப்பட்டால் இலங்கை அதிபர் இந்திய அமைதிப்படையை அழைக்கலாம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒரு வரி இருந்தது. மறுநாள், ஜூலை 30-ஆம் தேதியே நம் வீரர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தத்துக்கோ படைக்கோ நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே வாக்கெடுப்பு நடக்கவில்லை. சட்டப்படி நடக்க வேண்டியதும் இல்லை.

அந்த முதல் வாரங்களில் யாழ்ப்பாண மக்கள் நம் வீரர்களுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். இலங்கை வானொலி இங்கே தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு, இனி அங்கிருந்து அகதிகள் படகேறி வர மாட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

செப்டம்பர் 26-ஆம் தேதி விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், காவலில் வைக்கப்பட்டிருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் சயனைடு விழுங்கி இறந்தார்கள். அக்டோபர் 10-ஆம் தேதிவாக்கில், புலிகளுக்கு எதிரான நம் படையின் தாக்குதலான 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. படை இறங்கிய நாளிலிருந்து எண்ணினால் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. சண்டையை நிறுத்தி வைக்கப் போன படை சண்டையின் ஒரு தரப்பாக மாறியது. அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் நம் படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கே அர்த்தமில்லை.

படையின் எண்ணிக்கை பிறகு 70,000-ஐத் தாண்டியது. கடைசி வீரர் 1990 மார்ச் 24-ஆம் தேதி இலங்கையை விட்டு வந்தார். ஏறக்குறைய 32 மாதங்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். செத்துப்போன ஈழத்துப் பொதுமக்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

என் வாதம் ஜூலை 30-ஐப் பற்றியது இல்லை, அக்டோபர் 10-ஐப் பற்றியது. அமைதி காக்க அனுப்புவது ஒரு முடிவு, போர் தொடுப்பது இன்னொரு முடிவு. முதலாவதற்கு நாட்டில் பரவலான ஆதரவு இருந்தது. இரண்டாவதற்கு ஒப்புதல் கேட்டு யாரும் அவைக்கு வரவில்லை. விவாதங்கள் நடந்தன, கேள்விகள் எழுந்தன. ஆனால் "வேலை மாறிவிட்டது, தொடரலாமா, திரும்பலாமா?" என்று வாக்குக் கேட்கும் தீர்மானம் வரவில்லை.

அப்போது ஆளுங்கட்சிக்கு 400 பேருக்கு மேல் இருந்தார்களே, வாக்கெடுத்தாலும் ஜெயித்திருக்குமே?

ஜெயித்திருக்கும். சந்தேகமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

வாக்கெடுப்பு போரைத் தானாக நிறுத்தாது. 1964 ஆகஸ்டில் வியட்நாம் தொடர்பான டோங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை: 416-க்கு 0. செனட்டில் 88-க்கு 2. அந்த ஒரே தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆண்டுக்கணக்காகப் போர் நடந்தது. அதில் எத்தனை வீரர்கள் என்ற அளவும் இல்லை, எத்தனை நாள் என்ற கெடுவும் இல்லை.

ஆகவே ஒருமுறை 'சரி' சொல்வதில் பெரிய பயன் இல்லை. கெடு வைத்துச் சொல்ல வேண்டும். கெடு முடிந்ததும் அரசு மறுபடி அவைக்கு வந்து கணக்குச் சொல்ல வேண்டும். 1987 ஜூலையில் ஆறு மாதக் கெடு வைத்திருந்தால், 1988 ஜனவரியில் அரசு எழுந்து நின்று இத்தனை பேர் இறந்தார்கள், இன்னும் இத்தனை பேர் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். 400 பேரின் ஆதரவோடு சொன்னாலும், சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் அவர் பெயரோடு பதிவாகியிருக்கும்.

மேட்டூர் உதாரணத்தை ஏன் அடிக்கடி சொல்கிறீர்கள்?

நமக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது என்பதால். வழக்கமான ஆண்டில் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்கள், ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். திறப்பு என்றால் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவது இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு கன அடி, எந்த ஆற்றுக்கு எவ்வளவு, எத்தனை ஏக்கருக்கு என்று எல்லாம் சொல்ல வேண்டும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் நாம் சாலையில் உட்கார்ந்துவிடுகிறோம். தண்ணீருக்கே இத்தனை கணக்குக் கேட்கும் ஊரில் பிறந்தவன் நான். பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும்போது தேதியும் அளவும் இல்லாமல் அனுப்புவதை எப்படி ஏற்பது?

ஜெர்மனியில் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டில் ஆயுதமேந்திய பணிக்குப் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1994 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2005-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அரசு கொண்டுவரும் கோரிக்கையில் என்ன பணி, எந்தப் பகுதி, எந்தச் சட்ட அடிப்படை, அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று எல்லாம் இருக்க வேண்டும். காலம் முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும். நடுவில் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அவைக்கு உரிமை உண்டு. அந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு நம் மேட்டூர் பாசன உத்தரவுதான் நினைவுக்கு வந்தது.

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவில் போரை அறிவிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி காங்கிரஸுக்கு. ஆனால் அதிபர்கள் அறிவிக்காமலே போர் நடத்தினார்கள். வியட்நாமில் பட்ட பிறகு 1973-இல், அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி, போர் அதிகாரத் தீர்மானம் நிறைவேறியது. படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், திரும்பி வர மேலும் 30 நாள். நல்ல சட்டம்தான், ஆனால் சொல்லாடலால் தப்பிக்கிறார்கள். 2011-இல் லிபியாவில் குண்டு போட்டபோது, "இது சட்டம் சொல்லும் சண்டை வகையில் சேராது" என்று ஒபாமா அரசு வாதிட்டது.

பிரான்சில் 2008 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நான்கு மாதத்தைத் தாண்டினால் ஒப்புதல் பெற வேண்டும். பிரிட்டனில் எழுதப்பட்ட சட்டம் இல்லை, மரபு மட்டும்தான். 2003-இல் ஈராக் போருக்கு வாக்கெடுத்தார்கள், நிறைவேறியது. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலுக்கு வாக்கெடுத்தார்கள், 285-க்கு 272 என்று அரசு தோற்றது. 2018-இல் பிரதமர் தெரசா மே வாக்கெடுக்காமலே சிரியாவைத் தாக்கினார். மரபு என்பது அரசு விரும்பும் வரைதான் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது துருக்கி. 2003 மார்ச் 1-ஆம் தேதி, அமெரிக்கப் படைகள் தங்கள் மண்ணிலிருந்து ஈராக்குக்குள் போகலாமா என்று அந்த நாடாளுமன்றம் வாக்களித்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று வாக்கு குறைந்ததால் தீர்மானம் விழுந்தது. ஆளுங்கட்சியிலேயே பலர் தங்கள் அரசின் பக்கம் நிற்கவில்லை.

1971-இல் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தைக் கேட்டாரா?

போருக்கு அனுமதி என்று கேட்கவில்லை. ஆனால் அவையைத் தள்ளி வைக்கவும் இல்லை. 1971 மார்ச் 31-ஆம் தேதியே இரு அவைகளும் கிழக்கு வங்காள மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 3-இல் பாகிஸ்தான் விமானத் தாக்குதல் நடத்தியது. டிசம்பர் 6-இல் வங்கதேசத்தை அங்கீகரிப்பதாகப் பிரதமர் அவையில்தான் அறிவித்தார். 1962-இலும் சீனப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பரில் நாடாளுமன்றம் கூடியது. உறுப்பினர்கள் நாள் கணக்கில் பேசினார்கள், நேருவின் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். போர்க்காலத்தில் அவை பேசினால் நாடு உடைந்துவிடும் என்பவர்களுக்கு நம் வரலாறே பதில்.

படை அனுப்பாமல் நாம் தவிர்த்த சம்பவம் உண்டா?

உண்டு, 2003. அதைப் போதுமான அளவு நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஈராக்கில் நிலைமையைச் சமாளிக்க இந்தியா ஒரு டிவிஷன் அளவுக்குப் படை தர வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசுக்குள் அனுப்பலாம் என்ற குரலும் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரல் 8-ஆம் தேதி, ஈராக் போரைக் கண்டித்து மக்களவை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்க்கட்சிகள் வெளிப்படையாக எதிர்த்தன, ஊர் ஊராக விவாதம் நடந்தது. ஜூலை 14-ஆம் தேதி, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்புவதில்லை என்று அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அவை ஒரு சொல் சொல்லி வைத்திருந்தால் அது அரசின் கையைப் பிடிக்கும். அன்று போகாத அந்த ஆயிரக்கணக்கான வீரர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

அவசரமாக உதவி கேட்டால்? மாலத்தீவு மாதிரி?

நியாயமான கேள்வி. 1988 நவம்பர் 3-ஆம் தேதி மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய நம் பாராசூட் படை அங்கே போய் இறங்கியது. அவையைக் கூட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தால் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

இதற்கு வழி நம் அரசமைப்பிலேயே இருக்கிறது. 352-ஆவது பிரிவின்படி நெருக்கடி நிலையை அரசு உடனே பிரகடனம் செய்யலாம், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஏற்காவிட்டால் அது காலாவதியாகும். 1978 திருத்தத்துக்கு முன் இது இரண்டு மாதமாக இருந்தது. 1975-இல் பட்ட அடிக்குப் பிறகு நாமே குறைத்தோம். படை அனுப்புவதற்கும் அப்படியே வைக்கலாம்: முதலில் போ, ஒரு மாதத்துக்குள் வந்து கேள். ரகசியமாகச் செய்ய வேண்டிய மீட்புப் பணிகளுக்கும் இது பொருந்தும். முடித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மக்களவை கலைந்திருந்தால்?

மாநிலங்களவை கலையாது. 352-இல் அதற்கும் ஏற்பாடு இருக்கிறது: மாநிலங்களவை ஏற்றால் போதும், புது மக்களவை கூடியதும் 30 நாளுக்குள் அதுவும் ஏற்க வேண்டும்.

கொறடா உத்தரவு போட்டால் எல்லாரும் கை தூக்கிவிடுவார்களே?

இதுதான் உண்மையான சிக்கல். மேலே சொன்ன சட்டத்தைவிட இதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். கட்சி மாறி மாறிக் குதிப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் துருக்கியிலும் பிரிட்டனிலும் நடந்தது போல ஆளுங்கட்சி உறுப்பினரே மனசாட்சிப்படி எதிர்ப்பது இங்கே முடியாமல் போய்விட்டது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை உறுப்பினர்கள் இலங்கை பற்றிய ஒரு வாக்கெடுப்பில் கடற்கரை மக்களின் மனதைக் கேட்டு வாக்களிக்க வேண்டும் என்றால், அந்த வாக்கெடுப்புக்குக் கொறடா கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அது இல்லாமல் ஒப்புதல் சட்டம் மட்டும் வந்தால், மதகு கட்டிவிட்டு வாய்க்கால் வெட்டாத கதைதான்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் கிளம்பினால் நமக்குச் சொல்வார்களா?

மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அந்தத் தளம் 2013 மே மாதம் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானங்களின் பிரிவு அங்கே வந்தது. ரோந்தும் பயிற்சியும் கடல் எல்லைக் காவலும் நாட்டுப் பாதுகாப்பு. நான் பேசுவது இன்னொரு நாட்டின் மண்ணிலோ வானிலோ கடலிலோ ஆயுதத்தோடு நுழைவதை மட்டும்.

ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் வீரர்கள்?

அவர்களுக்கும் இப்போது அவை ஒப்புதல் தேவையில்லை. என் கருத்தில் அங்கேயும் ஆண்டுக்கொரு முறை வாக்கெடுப்பு இருக்கலாம்.

தமிழ்நாடு சட்டமன்றமோ கிராம சபையோ தீர்மானம் போட்டால் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. பாதுகாப்பும் வெளியுறவும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. 2011-இலும் 2013-இலும் இலங்கை தொடர்பாகச் சட்டமன்றம் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அவை மக்களின் மனதைச் சொல்லின, ஒன்றிய அரசைச் சட்டப்படி கட்டவில்லை.

ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியபோது யாரைக் கேட்டான்?

கல்லூரிப் பிள்ளை ஒருவர் கேட்டது. யாரையும் கேட்டதாகக் கல்வெட்டு சொல்லவில்லை. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. 1025-ஆம் ஆண்டுவாக்கில் நடந்த படையெடுப்பு அது. அதே சோழர் காலத்தில் ஏரியையும் நிலத்தையும் ஊர்ச் சபைகள் கூடி நிர்வகித்தன. போர் மட்டும் அரசன் கையில் இருந்தது. நாம் அரசனை விட்டு ஆயிரம் ஆண்டு தள்ளி வந்துவிட்டோம், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அங்கேயே நிற்கிறோம்.

இப்படிக் கேள்வி கேட்டால் ராணுவத்தின் மனம் தளராதா?

எங்கள் பக்கத்து ஊரில் அமைதிப்படையில் போய் வந்த ஒருவர் இருக்கிறார். காலில் சன்னம் துளைத்த தழும்பு உண்டு. அவரைத்தான் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: "சண்டைக்குப் போனதுல வருத்தமில்ல தம்பி. நம்ம ஆளுங்க பேசுற பாஷையப் பேசுறவங்க மேலயே சுட வேண்டி வந்துச்சு. திரும்பி வந்தப்ப ஊர்ல யாரும் முகம் கொடுத்துப் பேசல. எங்கள அனுப்புனது யாருன்னு அப்பத்தான் யோசிச்சேன்."

1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் அமைதிப்படை வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் நடந்ததைப் பார்த்த தமிழர்கள் பலர் அதை ஆதரித்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் கோபம் போய் விழுந்த இடம், கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய். முடிவெடுத்தவர்கள் பெயரோடு வாக்களித்திருந்தால், நாம் யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்டிருப்போம்.

எங்கள் எம்.பி.யிடம் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்விகள் போதும். வெளிநாட்டுக்குப் படை அனுப்ப ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் கட்டாயம் என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவருவீர்களா? அதில் வீரர்களின் உச்ச எண்ணிக்கை, பணி, இடம், கெடு, செலவு எல்லாம் இருக்குமா? பணி மாறினால் கெடு முடியும் வரை காத்திராமல் உடனே மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்று எழுதுவீர்களா?

தனிநபர் மசோதா சட்டமாவது அரிது. 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. ஆனால் அறிமுகமானால் அவைக் குறிப்பில் ஏறும், விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதம் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. உறுப்பினரும் அவையில் தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. கடிதத்தில் உங்கள் ஊர்ப் பெயரை எழுத மறக்காதீர்கள். வேதாரண்யம், கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் என்று கடலோர ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்து சேர்ந்தால், இதை எந்தக் கரையிலிருந்து கேட்கிறார்கள் என்பது அவருக்குப் புரியும்.